குறையும் குறையும் பெருக்கினால்

வகுப்பு பதினோரு மணிக்கு. பத்து மணிக்கே ஹெப்சிபா சேலையைக் கட்டி, மேலே பி.எட். கல்லூரியின் சாம்பல் நிறக் கோட்டை மாட்டி, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, ஸ்டூலின் மேல் அரிசி டப்பாவை ஏற்றி, டப்பாவில் செல்போனைச் சாய்த்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிற பெண்ணாவது நடுவில் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். இவள் அதுகூட இல்லை. எழுந்தால் கட்டில் ஆடும், கட்டில் ஆடினால் ஸ்டூல் ஆடும், ஸ்டூல் ஆடினால் செல்போன் மல்லாக்க விழும், அப்புறம் ஏழாம் வகுப்பு மொத்தமும் கூரையில் இருக்கிற பல்லியைப் பார்த்துத்தான் கணக்குப் படிக்கவேண்டும். போன வாரம் அப்படித்தான் விழுந்தது. விழுந்தபோது நாலைந்து பிள்ளைகள் மியூட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். வெட்கமாக இருந்தாலும் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது, அடப்பாவிகளா, உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று இருந்தது. சிரித்து முடித்ததும் பழையபடி ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள். இன்றைக்கு விழக்கூடாது. இன்றைக்கு வயலட் மேடம் வருகிறார். கணிதம் கற்பித்தல் எடுக்கிற பேராசிரியர், பயிற்சி மாணவிகளின் கடைசி வகுப்பைக் கூட இருந்து பார்த்து மதிப்பெண் போடுகிறவர். அவர் சரியில்லை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் பள்ளிக்கூடம் திறந்த பிறகு பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இந்த ஊரடங்கில் பஸ் எப்போது ஓடும் என்றே தெரியவில்லை, பஸ் ஓடாததால்தான் அப்பா வீட்டில் இருக்கிறார்.

அப்பா மாடிப்படியில் காவல் இருந்தார். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர், முன்வாசலில் நின்று குரல் கொடுத்தால் பின்வாசலில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை எடுப்பான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நாலு மாதமாக வீட்டுக்குள் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருந்தார், பாவம், வந்தால்தானே. ரகசியம் என்று அவர் சொல்வது அடுத்த தெருவில் கேட்கும். கீழ்வீட்டுக்காரர் மிக்ஸி போடக்கூடாது, கீரைக்காரி இந்தப் பக்கம் கூவக்கூடாது, நாய்கூட யோசித்துத்தான் குரைக்கவேண்டும் என்று காலையிலேயே இறங்கிப்போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது கதவு ஓர் இஞ்ச் திறந்தது. "ஏட்டி, நான் இங்க இருக்கது உனக்கு எடஞ்சலா இருக்கா?" என்றார். "இப்ப கேட்டீங்கல்லாப்பா, இதுதான் எடஞ்சல்," என்றாள். கதவு மூடிக்கொண்டது. சொல்லியிருக்கவேண்டாம். பாவம் மனுஷன், வேலையில்லாமல் இருக்கிறவருக்கு இது ஒரு வேலை. காலையில் அவள் கோட்டை இஸ்திரி போட்டுத் தந்தது யார், அவர்தான். தன் காக்கிச் சட்டைக்குப் போடுவதைப்போலவே தோளில் மடிப்பு எடுத்துப் போட்டிருக்கிறார், பார்த்தால் ஹெப்சிபாவே டிக்கெட் கொடுக்கப் போகிறாள் என்று தோன்றும். வகுப்பு முடிந்ததும் டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். முடியட்டும். நல்லபடியாக முடியட்டும்.

நல்லபடியாக என்றால் என்ன, அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் நிஜ வகுப்பில் நின்றிருக்கிறாள். முதல் நாள் சாக்பீஸ் உடைந்தது, கரும்பலகையில் எழுதிய வரி வலது பக்கம் போகப்போக மேலே ஏறியது. ஆனாலும் அது வகுப்பு. வியர்வையும் புளியோதரையும் மழையில் நனைந்த பையும் கலந்த வாடை வரும். திரும்பி நின்று எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே முகம். புரியாத பிள்ளையின் முகம் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். வாய் "புரிஞ்சுது டீச்சர்" என்று இழுக்கும், புருவம் இல்லை என்று சொல்லும், அவள் புருவத்தைப் பார்த்துத்தான் அடுத்த கணக்குக்குப் போவாள். இப்போது புருவம் எங்கே. கறுப்புக் கறுப்பாகக் கட்டங்கள். ஒன்றில் 'எம்' என்ற எழுத்து, ஒன்றில் ஒரு ரோஜாப்பூ, ஒன்றில் யாருடைய கல்யாணப் படமோ. எல்லாம் அம்மாக்கள், சித்தப்பாக்கள், மாமாக்களின் போன்கள். புரிஞ்சுதா என்று கேட்டால் வரிசையாக 'எஸ் டீச்சர்' என்று விழுகிறது. எதற்கு எஸ், யார் எஸ். போன திங்கட்கிழமை வேண்டுமென்றே ஐந்தும் மூன்றும் ஒன்பது, புரிஞ்சுதா என்று கேட்டுப் பார்த்தாள். எஸ் டீச்சர், எஸ் டீச்சர், எஸ் டீச்சர். செவிடன் காதில் ஊதின சங்காவது, எதிரே ஒரு செவிடன் இருக்கிறான் என்ற நிச்சயத்தோடு ஊதினது. இங்கே யாராவது இருக்கிறார்களா. போனை இயக்கி வைத்துவிட்டு எல்லாரும் பம்ப்செட்டுக்குக் குளிக்கப் போய்விட்டால், தான் மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு அரிசி டப்பாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் என்ன. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி நின்றுவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

அப்படி நிற்கும்போதெல்லாம் அவளை விடுவிப்பது ஒரே ஒரு கட்டம்தான். 'முப்பிடாதி லோடு ஆட்டோ' என்று பெயர் போட்ட கட்டம். முகப்பில் செவ்வந்தி மாலை போட்ட ஒரு குட்டி யானை வண்டியின் படம். அது மு. இசக்கிப்ரியாவின் அப்பா போன். இசக்கிப்ரியாவை ஹெப்சிபா பார்த்ததே இல்லை, அவள் பயிற்சிக்குப் போன இரண்டு வாரமும் அந்தப் பிள்ளை அம்மை போட்டு லீவில் இருந்தது. ஆனால் முதலில் உள்ளே வருகிற கட்டம் அதுதான், கடைசியில் வெளியே போகிறதும் அதுதான். ஒருநாளும் பேசினதில்லை. வீட்டுப்பாடம் மட்டும் மற்றப் பிள்ளைகளெல்லாம் அனுப்பி முடித்து, ஊர் அடங்குகிற நேரத்துக்கு வரும். எழுத்து குண்டு குண்டாக இருக்கும். விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் கேள்விக்குறி போட்டிருக்கும், போட்டுவிட்டு அழித்திருக்கும். அழித்தாலும் தெரியும். ஹெப்சிபாவுக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கிறாள் அல்லவா, அது போதும். இரட்டைச் சடை, எண்ணெய் வழிகிற நெற்றி, பேசினால் வாயைப் பொத்திக்கொள்கிற பிள்ளை என்று மனதுக்குள் ஒரு முகம் செய்து அந்தக் கட்டத்தில் ஒட்டிவைத்திருந்தாள். இரண்டு வாரமாக அவள் பாடம் நடத்துவது அந்த முகத்துக்குத்தான். மற்ற கட்டங்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அதனால்தான் இன்றைய வகுப்பின் மூன்றாவது கேள்வியை அவளுக்குக் கொடுத்தாள். அது ஒரு சின்னத் திருட்டு. திருட்டு என்று சொன்னால் பெரிய வார்த்தை. மேலதிகாரி பார்க்க வருகிற வகுப்பில் இது நடக்காத பள்ளிக்கூடம் உண்டா. விடை தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு, ஆனால் எல்லாரும் தூக்கு. டீச்சர் வலது கையைப் பார்த்துக் கேட்பாள், வந்தவர் வகுப்பு முழுக்க மேதைகள் என்று எழுதிவிட்டுக் காப்பி குடித்துப் போவார். ஹெப்சிபாவே ஐந்தாம் வகுப்பில் இடது கையை ஆகாயம் வரைக்கும் தூக்கியவள்தான். போனில் கையைத் தூக்க வழியில்லை என்பதால் நேற்றுச் சாயங்காலம் நாலு பிள்ளைகளின் எண்ணுக்குத் தனித்தனியாகக் கேள்வியையும் விடையையும் அனுப்பினாள். இசக்கிப்ரியாவுக்கு: குறை முழுவையும் குறை முழுவையும் பெருக்கினால் என்ன வரும்? விடை, மிகை முழு. கூப்பிட்டதும் மியூட்டை எடுத்துச் சத்தமாகச் சொல்லவேண்டும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலைப் பார்த்ததும் நிம்மதி வந்தது, நிம்மதிக்குப் பின்னாலேயே ஒரு கசப்பும் வந்தது. அழித்த கேள்விக்குறி போடுகிற பிள்ளைக்கு மனப்பாடம் செய்யச் சொல்லி விடை அனுப்பியிருக்கிறோம். சரி, இன்றைக்கு ஒருநாள்தானே, பாஸானால்தானே நாளைக்கு நிஜமாகச் சொல்லிக்கொடுக்க முடியும், ஊரில் எல்லாரும் இப்படித்தான், ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். இதை அவள் மூன்று விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். மூன்று விதத்திலும் கசப்பு போகவில்லை.

பதினோரு மணிக்குக் கட்டங்கள் முளைத்தன. செவ்வந்தி மாலை போட்ட வண்டிதான் முதலில். கடைசியாக வயலட் மேடம் வந்தார். அவர் மட்டும் முகத்தோடு வந்தார், கண்ணாடியும் நரைத்த கொண்டையும் பின்னால் புத்தக அலமாரியுமாக. "நீ ஆரம்பிம்மா, நான் ஒண்ணும் பேசமாட்டேன்," என்று சொல்லிவிட்டு மியூட்டில் போய்விட்டார். பேசியிருந்தால்கூடப் பயமில்லை. ஹெப்சிபா ஆரம்பித்தாள். தன் குரல் தனக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது. எண்கோடு வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டினாள், சுழிக்கு வலது பக்கம் மிகை, இடது பக்கம் குறை, அட்டை சரியாகத் தெரிகிறதா, எஸ் டீச்சர். மேடம் குனிந்து எதையோ எழுதினார். என்ன எழுதியிருப்பார், அட்டை சின்னது என்றா, கோட்டில் மடிப்பு அதிகம் என்றா. முதல் கேள்விக்கு ரோஜாப்பூ பதில் சொன்னது, கிளிப்பிள்ளையாக, அனுப்பின வாக்கியம் அப்படியே. இரண்டாவது கேள்விக்குக் கல்யாணப் படம், அதுவும் அப்படியே. மேடம் தலையை ஆட்டினார். போகிறது, வண்டி போகிறது, இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் உருண்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே, அந்த இரட்டைச் சடை முகத்தைப் பார்த்துச் சிரித்து, "இசக்கிப்ரியா, நீ சொல்லும்மா. குறை முழுவையும் குறை முழுவையும் பெருக்கினால் என்ன வரும்?" என்று கேட்டாள்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். திடீரென்று அந்தக் கட்டத்திலிருந்து ஹாரன் சத்தமும், 'தக்காளி, தக்காளி' என்று யாரோ கத்துவதும், ஏதோ ஒரு வண்டி பின்னால் வருகிற பீப் பீப்பும் மொத்தமாக வந்து விழுந்தன. அவற்றின் நடுவே ஓர் ஆண் குரல்.

"டீச்சர், வணக்கம் டீச்சர். நான் அவ அப்பா பேசுதேன், முப்பிடாதி. பாப்பா வீட்ல இருக்கா டீச்சர்."

"இசக்கிப்ரியா இல்லையா? போன் உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா டீச்சர். வீட்ல ஒரு போன்தான். லோடுக்கு ஆளு இதுலதான் கூப்பிடுவாங்க, விட்டுட்டு வரமுடியாது. அதான் வண்டி ஓட ஆரம்பிச்சதுலருந்து ஒயர காதுல மாட்டிக்கிட்டு நான்தான் பாடத்தக் கேக்கேன். ராத்திரி போயி பாப்பாக்குச் சொல்லிருவேன். அவ எழுதி அனுப்பிருவா."

ஹெப்சிபாவுக்கு முகம் சூடாயிற்று. இரண்டு வாரம். இரட்டைச் சடை, எண்ணெய் நெற்றி, அத்தனையும் கலைந்துபோய் அந்த இடத்தில் மார்க்கெட்டில் நிற்கிற ஒரு மனுஷன் காதில் ஒயரோடு நின்றார். அவருக்கா அவள் கண்ணு, செல்லம், யோசிச்சுப் பாரு என்றெல்லாம் சொன்னாள். அவரா அத்தனையையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார். பரவாயில்லை, அடுத்த பிள்ளையைக் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். முப்பிடாதி முந்திக்கொண்டார்.

"பதிலு 'மிகை முழு'தான் டீச்சர். நேத்து நீங்க அனுப்பினீங்கல்லா, அத பாப்பாவும் படிச்சிட்டா, நானும் படிச்சிட்டேன். அதுல கொறை ஒண்ணும் இல்ல. ஆனா அவ ராத்திரி ஒண்ணு கேட்டா. கொறையும் கொறையும் பெருக்கினா எப்படிப்பா மிகையாகும், அப்படீங்கா. நானும் யோசிச்சுப் பாத்தேன். நம்ம வீட்ல அப்படி ஆனதே இல்லையேட்டின்னு சொன்னேன். அவ சிரிக்கல டீச்சர். ஏன்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாங்கன்னுட்டா."

நீங்க அனுப்பினீங்கல்லா. தொலைந்தது. நூறு பேர் கூடின கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிற்று என்று சொன்னதைப்போல வயலட் மேடம் முன்னால் உடைத்துவிட்டார், அதுவும் எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு வெள்ளந்தியாக. ஹெப்சிபா மேடத்தின் கட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச வராது. பயிற்சி போயிற்று, திரும்பவும் முதலிலிருந்து, எந்தப் பள்ளிக்கூடம், எப்போது, அப்பாவிடம் எப்படிச் சொல்வது, அவர் படியில் இருந்து கேட்டிருப்பாரோ. மனசின் ஓட்டம் முழுக்க அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் வேறு ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஏன்னு கேட்டுட்டு வாங்கன்னுட்டா. ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டிருக்கிறது. அழித்த கேள்விக்குறி இது. இத்தனை நாளும் இந்தக் கட்டங்களில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டு வந்தவளுக்கு, இருக்கிறேன் என்று ஒருத்தி மார்க்கெட் வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சரி, ஏன்? ஹெப்சிபாவுக்கும் தெரியாது. பாடக்குறிப்பில் விதி இருக்கிறது, விதிக்குக் கீழே எடுத்துக்காட்டு இருக்கிறது, ஏன் இல்லை. அவள் ஏழாம் வகுப்பில் கேட்டபோது அது அப்படித்தான், எழுதிக்கோ என்றார்கள். எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்துவிட்டாள். இந்த மனுஷனிடமும் அது அப்படித்தான் என்று சொல்லிவிடலாம், அவர் தலையாட்டிவிட்டு ராத்திரி பிள்ளையிடம் அது அப்படித்தானாம் என்று சொல்வார், பிள்ளை இனிமேல் பென்சிலால் ஒன்றும் போடாது. அந்தக் கட்டத்துக்குள் இன்னும் பீப் பீப் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ரிவர்ஸ் எடுக்கிறார்கள். ரிவர்ஸ். பிள்ளைகள் இந்த ஊரடங்கில் போனில் எடுத்துத் தள்ளுகிற வீடியோக்கள், கிணற்றில் குதித்தவன் தண்ணீரிலிருந்து பறந்துபோய்த் திட்டில் நிற்பான், திருப்பி ஓட்டினால். திருப்பி ஓட்டினால்.

"அண்ணாச்சி," என்றாள். டீச்சர் அப்படிக் கூப்பிடலாமா என்று யோசிக்கவில்லை. "வண்டிய ஓட்டிக்கிட்டா பேசுதீங்க?"

"மெதுவாத்தான் போறேன் டீச்சர்."

"ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டுக் கேளுங்க. இத நீங்க பாப்பாவுக்குச் சொல்லணும்."

எஞ்சின் சத்தம் நின்றது. பாடக்குறிப்பை மடக்கி மடியில் வைத்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். வண்டி முன்னால் போனால் மிகை, ரிவர்ஸில் போனால் குறை. அதை ஒருவர் போனில் வீடியோ எடுக்கிறார். வீடியோவை நேராக ஓட்டினால் மிகை, திருப்பி ஓட்டினால் குறை. இப்போது உங்கள் வண்டி முன்னால் போகிறது, வீடியோவைத் திருப்பி ஓட்டுகிறோம், வண்டி எந்தப் பக்கம் போகும்? பின்னால டீச்சர், என்றார். சரி, உங்கள் வண்டி ரிவர்ஸில் வருகிறது, வீடியோவை நேராக ஓட்டுகிறோம். அதுவும் பின்னாலதான். சரி. இப்போது வண்டியும் ரிவர்ஸ், வீடியோவும் திருப்பி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தக்காளிச் சத்தம் மட்டும் கேட்டது. முகம் இல்லை, புருவம் இல்லை, ஆனால் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு மனுஷன் யோசிப்பது காதில் கேட்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

"முன்னால போவும்," என்றார் முப்பிடாதி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு குரலை உயர்த்தி, "முன்னால போவும் டீச்சர். ரெண்டும் ரிவர்ஸுன்னா வண்டி முன்னாலதான் போவும்."

"முன்னால டீச்சர்," என்றது ரோஜாப்பூ. "டீச்சர், நான் அப்பவே சொல்லிட்டேன், மியூட்ல இருந்துட்டு," என்றது 'எம்'. யாரோ ஒருவன் அவன் வீட்டு மாட்டை ரிவர்ஸில் எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டான். கட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின, ஒன்றும் புரியவில்லை, ஹெப்சிபா அதை அடக்கவில்லை. வெளியே படியில் அப்பா யாரையோ "சத்தம் போடாதிய, உள்ள கிளாஸ் நடக்கு" என்று அதட்டுவது எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மேடத்தின் மியூட் அப்போதுதான் திறந்தது. வகுப்பு சட்டென்று அடங்கியது.

"ஹெப்சிபா," என்றார் வயலட் மேடம். "விடைய முன்கூட்டியே அனுப்பினதுக்கு உன்னை நான் தனியா கவனிச்சுக்கறேன். அது வேற. மார்க் இன்னைக்கு போடல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு ராத்திரி அவங்கப்பா சொல்லட்டும். நாளைக்கு நீ அவளைக் கூப்பிட்டு, புரிஞ்சுதான்னு நிஜமா கேளு. அவ என்ன சொல்றாளோ அதை அப்படியே எனக்குச் சொல்லு. அதைத்தான் நான் போடப்போறேன்." போய்விட்டார்.

மற்ற கட்டங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. தன் மதிப்பெண் இப்போது ஒரு லோடு வண்டியில் ஏறி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ராத்திரிதான் வீடு போய்ச் சேரப்போகிறது என்று ஹெப்சிபா நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது வேறு பயம், அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டுமே என்ற பயம், அதில் மேடம் இல்லை, கோட்டு இல்லை. செவ்வந்தி மாலை போட்ட கட்டம் மட்டும் இன்னும் போகவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எல்லாரும் போயிட்டாங்க. நான் வண்டிய எடுக்கட்டுமா?"

குரலை வைத்துப் பார்த்தால் அவள் அப்பா வயது இருக்கும், நடு மார்க்கெட்டில் நின்றுகொண்டு அனுமதி கேட்கிறார். எடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு தடவ முழுசாச் சொல்லிக் காட்டிட்டு எடுங்க," என்றாள்.

முப்பிடாதி தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.